பால் தெளித்த அன்று

மகன் எழிலரசனுக்குத் துபாயில் ஏசி ஆபீஸ் வேலை என்று தாண்டவராயன் செஞ்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இருமலோடு திரும்பி வந்தவன் நாலே மாதத்தில் செத்துப்போனான்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கச் சொந்தக்காரர்கள் சுடுகாட்டில் கூடினார்கள். தாண்டவராயனின் மைத்துனர் சாம்பலைக் கிளறினார். நெஞ்சு இருந்த இடத்தில், எலும்புகளுக்கு நடுவே, பாலிஷ் போட்டதுபோல இரண்டு வெள்ளைக் கற்கள் கிடந்தன.

“இன்னா மாமா, ஏசி ரூம்ல கல்லா முளைக்குது?” என்றார் மைத்துனர்.

தாண்டவராயன் நிமிர்ந்தே நின்றார்.

“ஆபீஸ் இல்ல. கல்லறுக்குற மிஷின்ல, கல்லுத்தூசிய முழுங்கிக்கினு நின்னான். இன்னா வேலைன்னு டாக்டர் கேட்டப்பகூட ஆபீஸுன்னு நான்தான் சொல்ல வெச்சேன்.”

அவர் குனிந்து கற்களின்மேல் பாலை ஊற்றினார். பால் வழிந்தோடவில்லை. அதில் குமிழிகள், ஒரு மூச்சுக்கு ஒன்றாக, வந்துகொண்டே இருந்தன.