மரத்தரைக்கு அடியில்

"மரத்தரைக்கு அடியில விரிக்க மெல்லிசு ஃபோமே போதுமுங்க பாய்," என்றார் கோவைக் கடைக்காரர்.

"மாடியில நடந்தா கீழ சத்தமே கேக்கக் கூடாதுங்க," என்றார் கியாசுதீன்.

"அப்படீன்னா கார்க் போடுங்க. மாடியில யாருங்க?"

"பையன் நிஜாம். பனியன் கம்பெனியை அவன்தான் பாத்துக்கறான். அவங்கம்மாளுக்கு இருதயக் கோளாறு. கீழ படுத்த படுக்கையா இருக்கறா."

"அம்மா தூக்கம் கெடக் கூடாதுன்னு பாக்கறீங்க. நல்ல மனசுங்க."

கியாசுதீன் இருப்பதிலேயே தடிமனான கார்க்கைத் தொட்டுக் காட்டினார்.

நான்கே நாளில் திருப்பூர் வீட்டு மாடியில் மரத்தரை போட்டாயிற்று.

கல்யாணப் பேச்சில் அம்மாவோடு சண்டை போட்ட நிஜாம், ஒரு வருடமாக அவளிடம் பேசவில்லை. வெளிப்படி வழியாகவே மாடிக்குப் போய்விடுவான். தலைக்கு மேல் கேட்கும் அவன் காலடிச் சத்தத்தில்தான் அம்மா குல்சார் பேகம் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

போன வாரம் கம்பெனி வேலையாகப் பம்பாய் போனவன் லாரி மோதி இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார் கியாசுதீன். 'அவங்க தாங்க மாட்டாங்க, இப்போதைக்குச் சொல்லாதீங்க' என்றிருந்தார் டாக்டர்.

தரை போட்டு முடிந்த அன்று மாலையில் குல்சார் மேலே பார்த்தபடி கேட்டாள்.

"நிஜாம் வந்துட்டானாங்க?"

"வந்துட்டான்."

"சத்தமே கேக்கலீங்களே! எனக்குத் தொந்தரவா இருக்குமுன்னுதானே தரையையே மாத்தச் சொல்லியிருக்கறான்?" பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது. "கோபம் தீந்துருச்சுங்க. நாளைக்குக் கீழ வந்துருவான், பாருங்க."

கியாசுதீன் தலையை ஆட்டினார்.