ராணுவ ரகசியம்

"செல்போனை இந்தப் பெட்டியில போடுங்க. கார்டை மெஷின்ல காட்டுங்க. நான் வாசிக்கிறது சரின்னா, 'ஆமா'ன்னு சத்தமாச் சொல்லுங்க."

ராணுவ முகாம் வாசலில் காவலுக்கு நின்ற சிவரஞ்சனி முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"முன்னாள் படைவீரர் விழான்னு கூப்பிட்டுட்டு, வாசல்லயே வறுத்தெடுக்குதே இந்தப் புள்ள!" என்று வரிசையில் முணுமுணுப்பு.

வல்லத்திராக்கோட்டை ஞானமணிக்கு அதுகூடப் பரவாயில்லை. முன்னால் நின்றவருக்கு அவள் வாசித்ததைக் கேட்டபோதுதான், வெளியே எடுத்த கார்டைத் திரும்பச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"நாகராசு. பதவி, நாயக். வேலை, டிரைவர்."

"ஆமாங்க!"

அடக் கடவுளே, வேலையையுமா வாசிப்பார்கள்! அந்தக் காலத்தில் பேரைச் சொன்னாலே கதவைத் திறந்து விடுவார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இப்போது இருக்காது என்ற தைரியத்தில்தான், தான் இருந்த முகாமைக் காட்டுகிறேன் என்று சம்பந்தி ஆரோக்கியதாஸைக் கூட்டி வந்திருந்தார்.

பட்டாளத்தில் ஞானமணி சமையல்காரர். இருபது வருஷம் பூரி சுட்டவர். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "நான் கமாண்டோ" என்று ஆரோக்கியதாஸ் மீசையை முறுக்க, இவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் பீரங்கிப் படை" என்று அளந்துவிட்டார். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, குண்டு உரசிய தழும்பாகிவிட்டது. மருமகள் ஷர்லி அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள். இன்றைக்கு அவளுடைய அப்பா முன்னாலேயே மானம் கப்பலேறப் போகிறது.

"சம்பந்தி, வெயில் தாங்கல. திரும்பிப் போயிருவமா?"

ஆரோக்கியதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், "அடுத்த ஆளு வாங்க!" என்று அதட்டல் வந்தது.

ஞானமணி கார்டைக் காட்டிவிட்டுக் கிசுகிசுத்தார்.

"தாயி, பின்னாடி நிக்கிறவரு எங்க சம்பந்தி. வேலையை மட்டும் வாசிச்சிராத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

சிவரஞ்சனி திரையைப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸைப் பார்த்தாள். பிறகு விறைப்பாக நிமிர்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"ஞானமணி. பதவி, ஹவில்தார். வேலை... பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியில சொல்ல அனுமதியில்ல!"

கூடவே ஒரு சல்யூட் வேறு.

"ஆமாங்க! ஆமாங்க!"

ஒரு 'ஆமா' போதாதென்று இரண்டாகச் சொன்னார் ஞானமணி. கால் தரையில் பாவவில்லை. வரிசையே அவரை அண்ணாந்து பார்த்தது. உள்ளே நாலு எட்டு வைத்தவர், சம்பந்தி மலைத்துப்போய் நிற்கும் அழகைப் பார்க்கலாமென்று திரும்பினார்.

ஆரோக்கியதாஸ் சிவரஞ்சனியின் காதோரம் குனிந்திருந்தார். ரகசியம் பேச வராத கட்டைக்குரல் அவருக்கு.

"தாயி, எனக்கும் அப்படியே அனுமதியில்லன்னு வாசிச்சிரும்மா. பட்டாளத்துல நான் டெய்லரு."