உலக எண்ணெய்ப் பட்டியலில் குண்டசாலை

"லீலா! ஓடி வாரும்! கிடங்குக்குள்ள எண்ணெய்!"

பின்வளவில் இருந்து நவரட்ணராஜா போட்ட கூச்சலில், குசினிக்குள் நின்ற லீலாதேவி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. விடியற்காலையில் அதை அங்கே ஊற்றியதே அவள்தான்.

வேறு வழி இருக்கவில்லை. டொரொன்டோவில் இருக்கும் மகன் ரிஷிகேசன், "வீட்டை வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்ச வந்திடுங்கோ" என்று மூன்று மாதத்துக்கு முன் சொன்னான். கணவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷனுக்கு ஆசை போலிருக்கிறது என்று நினைத்து அவளும் தலையாட்டிவிட்டாள். உண்மையில் அவளுக்குப் போக மனமே இல்லை. கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் இருபத்தெட்டு வருடம் குடியிருந்த வீடு. இன்று பத்து மணிக்கு, வீட்டை வாங்கப்போகிற ரஸீன் கெலிஓயாவில் இருந்து ஒப்பந்தத்தோடு வருகிறார். கையெழுத்து விழுந்தால் எல்லாம் முடிந்தது.

அத்திவாரத்துக்கு மண் எப்படி என்று பார்க்க ரஸீன் பின்வளவில் வெட்டுவித்த கிடங்குக் குழியில் மழைத்தண்ணீர் நின்றது. எதிர்வீட்டு சுரேஸ் தன் த்ரீவீலரில் இருந்து கழற்றிய பழைய எஞ்சின் ஒயில் ஒரு போத்தல் கிடைத்தது. நவரட்ணராஜாவோ ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போதே எண்ணெய் உற்பத்தி நாடுகளை வரிசையாக ஒப்புவிக்கிற ஆள். இந்தத் தூண்டிலில் மாட்டாமல் எங்கே போவார்?

மாட்டினார். விரலை விட்டு எடுத்து மணந்து பார்த்தார்.

"குவைத் மணம்!" என்று துள்ளினார். "அமெரிக்கா, சவூதி, ரஷ்யா, கனடா, ஈராக், சீனா, ஈரான், எமிரேட்ஸ், பிரேசில், குவைத்... பதினோராவது ஆர், சொல்லும் பாப்பம்?"

"ஆரப்பா?"

"நாங்கள்! குண்டசாலை!"

"அப்ப... வீடு விக்கிறது?"

"உமக்கென்ன விசரே? எண்ணெய்க் காணியை ஆரும் விப்பினமே? சவூதிக்காரன் விக்கிறானே? கனடா நாலாமிடத்தில இருக்கெண்டு பெரிய நடப்புக் காட்டுது. கிடங்கு இன்னும் ரெண்டடி இறங்கட்டும், அவையளுக்குக் காட்டுறன்!"

மனைவியின் கையைப் பிடித்துக் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். அறுபத்தெட்டு வயது. தோசைக் கரண்டியும் கையுமாக அவளும் சுற்றினாள். இவ்வளவு லேசில் ஏமாறுகிறாரே என்று ஒரு பக்கம் பாவமாக இருந்தது. மறுபக்கம் சிரிப்பை அடக்கமுடியாமல் வயிறு நொந்தது.

திடீரென்று அவர் தன் இடுப்புச் சாரத்தைக் குனிந்து பார்த்தார். "எண்ணெய் முதலாளி சாரத்தோட நிக்கக்கூடாது" என்று உள்ளே ஓடி, கலியாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் பூட்ட வயிறு விடவில்லை. அங்கே நடுச்சாமம் என்பதையும் மறந்து மகனுக்கு டெலிபோன் எடுத்தார்.

"தம்பி, நாங்கள் வரேல்லை! வேணுமெண்டா நீ இஞ்ச வா, நான் வேலை தாறன்!"

மகன் என்ன கேட்டானோ, "பதினோராமிடம்!" என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு ரஸீன் வந்தார். கிடங்கை எட்டிப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

"சேர், மெய்யாத்தான் சொல்றீங்களா?"

"மெய்யாத்தான் ரஸீன். குறை நினைக்காதையும். இந்தக் காணி இனி விக்கிறதுக்கில்லை."

ரஸீன் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். லீலாதேவிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "தேத்தண்ணி கொண்டுவாறன்" என்று குசினிக்குள் ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் ரஸீன் கிட்ட வந்தார்.

"சேர், கண்டிக்குக் கீழ முழுக்கக் கோடிக்கணக்கான வருசத்துப் பழைய பாறை, கிண்டிக்கிண்டிப் பார்த்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் வராதுண்டு பத்தாம் வகுப்புல நீங்கதானே எங்களுக்குப் படிச்சித் தந்தீங்க?"

"உஷ்! மெல்லக் கதையும், அவவுக்குக் கேட்கப்போகுது" என்றார் நவரட்ணராஜா. "அவவுக்குத்தான் கனடா ஆசை எண்டு நினைச்சு மூண்டு மாசமா வாய் திறக்காமல் இருந்தனான், இண்டைக்கு விடியக்காலமை அவ போத்தலோட வந்து ஊத்தினதை யன்னலால கண்டாப் பிறகுதான் ஐசே எனக்கு உயிரே வந்தது!"