காருக்குச் சத்தம் வேண்டும்

"முதலாளி கார் சத்தம் போடணும் சார். அம்புட்டுத்தான் எங்க முதல் கோரிக்கை."

சங்கத் தலைவர் ராஜரத்தினம் சொன்னதைக் கேட்டு, தொழிலாளர் துறை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலாகி வந்திருந்தார். போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறார். கழிப்பறை கேட்டும் பார்த்திருக்கிறார். இது புதிது.

"சத்தம் போடக் கூடாதுன்னுதானே கேட்பாங்க?"

"இது பேட்டரி கார் சார். வாரதும் தெரியாது, போறதும் தெரியாது. பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால நிக்கி. மனுசன் எப்படி நிம்மதியா இருப்பான்?"

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி பரிபூரணம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை அவருடையது.

"வேலை பாக்குறவனுக்கு என்ன பயம் சார்? தறி ஓடுற நேரத்துல துணிக்கட்டுக்குப் பின்னால உக்காந்து சீட்டு விளையாடுதவன்தான் பயப்படணும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அதிகாரியிடமே சொன்னார்கள். பகை முற்றிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்தக் கார் நின்றது. இரண்டு பேர் உட்காரலாம். பின்கதவைத் தூக்கினால் ஒரு மூட்டை வைக்கலாம். அலுவலகத்து ப்ளக்கிலிருந்து போன ஒயர் வழியாகக் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. அது குடிக்கக் குடிக்க இங்கே மின்விசிறி சோம்பிச் சுற்றியது.

"ஹாரன் அடிச்சுக்கிட்டே வரலாமேம்மா?"

"பேட்டரி தீந்துரும் சார். பொறவு தள்ளிக்கிட்டுல்லா போகணும்!"

"அப்ப ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜினைப் பின்னால வைக்கச் சொல்லுங்க சார்" என்றார் ராஜரத்தினம். "அது வண்டிய ஓட்ட வேண்டாம். சத்தத்துக்கு மட்டும்."

"பெட்ரோல் விக்கிற விலைக்குப் பயந்துதான் சார் நான் இதையே வாங்குனேன்!"

தொழிலாளர்கள் சார்பில் வந்திருந்த சுடலையம்மாள் பொறுமை இழந்தார். "மாட்டுக்குக் கட்டுறாப்ல ஒரு மணியக் கட்டுங்க சார். நம்ம ரோடு இருக்கிற லெச்சணத்துக்கு அதுவே ஆடும். பத்து நாளா தறி நிக்கி, எங்க வீட்டுல அடுப்பும் நிக்கி."

முதலாளி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார்: 'மேற்படி வாகனத்தில் மணி ஒன்று கட்டப்படும்.'

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றார் ராஜரத்தினம். "சீட்டு விளையாண்டான்னு ஒரு மனுசனை வெளிய தள்ளிட்டாவ. அவனைத் திரும்ப உள்ள எடுக்கணும்."

"முடியாது!" பரிபூரணம் மேஜையைத் தட்டினார்.

"பத்து நாளாச்சு சார்." தலைவரின் குரல் தழுதழுத்தது. "பஸ் ஸ்டாண்டு கடையில பரோட்டா. சங்க ஆபீஸ் பெஞ்சுல படுக்கை. ஒரு வார்த்தை கேக்க நாதி இல்ல."

பரிபூரணம் தலைப்பை விரலில் சுற்றினார். "சுகர் மாத்திரை போடுதாராமா அந்த ஆளு?"

"எங்க சார்? மாத்திரை எல்லாம் உள்ளல்லா மாட்டிக்கிட்டு."

"மாத்திரையும் போடாம பரோட்டாவா திங்காரு?" கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அதிகாரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. தொழிலாளியின் சர்க்கரை வியாதிக்காகக் கண் கலங்குகிற முதலாளியை அவர் சர்வீஸில் கண்டதில்லை.

"இனிச் சீட்டைத் தொட மாட்டான் சார். நான் ஜாமீன்."

"பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பிச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க சார்."

தலைவர் எழுந்து நின்று சத்தியம் செய்தார். 'நீக்கப்பட்டவர் உடனே சேர்த்துக்கொள்ளப்படுவார்' என்று அதிகாரி அழுத்தி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைத்தெருவிலிருந்து மணி வந்தது. பம்பரில் கட்டினார்கள். பரிபூரணம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ராஜரத்தினம் ஒரு மஞ்சப்பையையும் சுருட்டிய போர்வையையும் பின்கதவுக்குள் வைத்துவிட்டு, முன்னால் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். டிங் டிங்கென்று கார் தெருவில் இறங்கியது.

அதிகாரி பதறிப் போனார். "என்னம்மா இது, தலைவரையே விலைக்கு வாங்கிட்டாங்களா? அப்ப வேலையை விட்டு நீக்கின அந்தப் பாவப்பட்ட ஆளு கதி?"

சுடலையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வேலைய விட்டு யாரு சார் நீக்குனா? சீட்டு விளையாண்டதுக்கு வீட்டை விட்டுல்லா தள்ளுனாவ, கட்டுன புருசனை!"