மஞ்சள் குவளை

படிக்கப் போன நாட்டில் தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரி, முதல் நாளே பூரணியிடம் ஒரு மஞ்சள் குவளையை நீட்டினாள்.

“இது உனக்கு மட்டும். நீயே கழுவி அங்கே மாட்டிவிடு.”

பின்கதவருகே, நாய்ச்சங்கிலிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. வீட்டுக்காரி தன் பாத்திரம் குவளையில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து காப்பியை ஊற்றினாள்.

பூரணி அம்மாவுக்குப் போன் போட்டாள். “எனக்குன்னு தனியா கப்பு குடுத்திருக்கறாங்கம்மா.”

“பாத்தியா கண்ணு, எவ்வளவு மரியாதை!” என்ற அம்மா, தோட்ட வேலைக்கு வருகிற மாராயியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “செவுத்து மேல இருக்கற உன்ற டம்ளர எடுத்துட்டு வா, காப்பி ஊத்தறேன்.”

உயரத்திலிருந்து காப்பி விழும் சத்தம் போனில் துல்லியமாகக் கேட்டது. ஊரில் இருந்தவரை அந்த வேலையைப் பார்த்தவள் பூரணிதான். ஒரு சொட்டு வெளியே தெறிக்காது; அப்படிப் பழகிய கை.