குமிழுக்கு இரண்டு வளையங்கள்

"அக்கா விக்கச் சொன்ன ஹாம் ரேடியோவுக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு சிங்காரம்?" அதை எடுத்துப்போகக் காலி அட்டைப்பெட்டியோடு வந்த மைத்துனன் சிரித்தான்.

அவர் நிமிரவில்லை. அலைவரிசைக் குமிழைக் கழற்றி, அதன் அடியில் கம்பளித்துணி வளையமொன்றைச் செருகி, மீண்டும் பொருத்தினார்.

"திருப்பிப் பாருங்க மாப்பிள்ளை."

"என்ன அத்தான், செக்கு மாதிரி சுத்துது! வெண்ணெய் மாதிரி வழுக்கணும்னுதானே எல்லாரும் பாடுபடுவாங்க?"

"இன்னும் இறுகணும்" என்று உறுதியாகச் சொல்லி, இரண்டாவது வளையத்தையும் செருகினார். பிறகு உள்ளறையை நோக்கி, "ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா. சரிப்படலைன்னா தூக்கிக் கொடுத்துடலாம்" என்றார்.

மனைவி வந்து அமர்ந்தாள். வானொலியில் பேசும் உரிமம் அவள் பெயரில்தான் இருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் திருப்புளியால் கழற்றி மாட்டுவது மட்டுமே. ஆறு மாதமாக ஓயாமல் நடுங்கும் அவளுடைய விரல்கள் குமிழைப் பற்றின. விரல்கள் நடுங்கின, திரையிலிருந்த அலைவரிசை எண் நடுங்கவில்லை. இத்தனை நாளும் பிடிக்குமுன்னே நழுவிப்போன தொலைதூரக் குரலொன்று தெளிவாக ஒலித்தது.

அவள் மைக்கை எடுத்தாள்.

"டேய் தம்பி, அந்தக் காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வெளியே போ. நான் பேசணும்."