பயத்துக்கு ஒரு முகம்

பயந்த முகம் தேறவில்லை. படத்தைப் பார்த்த மாணவர்கள் அத்தனை பேரும் "பல்வலி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மனோதத்துவப் பேராசிரியர் சக்கரபாணி அந்தப் படத்தை ஒதுக்கி வைத்தார். முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடலாம் என்பது அவர் ஆராய்ச்சி. கோபம், துக்கம், சிரிப்பு, அருவருப்பு எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. பயத்துக்கு மட்டும் இல்லை. அறுபத்து நாலாம் வருஷம் அது. திங்கட்கிழமை டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது.

"கமிட்டிக்குப் பிடிக்கலைன்னா என்ன சார்?" என்றார் கடலூர் போட்டோகிராபர் நூர்முகம்மது.

"ஆராய்ச்சியை இழுத்து மூடிடுவாங்க. நான் பி.யூ.சி. பசங்களுக்குத் தர்க்கம் நடத்திக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

"படத்துக்கு நின்ன தில்லைநாதன் சாரையே இன்னொரு தடவை பயப்படச் சொல்லுங்களேன்."

"அவர்தானய்யா அந்தப் பல்வலி! நடிப்பு வேண்டாம். நிஜ பயம் வேணும்."

சிதம்பரத்தில் வண்டி பிடித்தார்கள். பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். போகிற வழியில் சக்கரபாணி திட்டத்தைச் சொன்னார்.

நூர்முகம்மதுவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு பொண்ணுகிட்ட அவ புருஷன் உசுரை வெச்சுப் பொய்யா? வேணாம் சார். அல்லா மன்னிக்க மாட்டான்."

"ஒரு நிமிஷம்தான். படம் விழுந்ததும் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு எப்படி இருக்கும்?"

சக்கரபாணி வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொன்னார்.

குப்பத்துக் கோயிலில் வேப்பிலைத் தோரணம் ஆடியது. கட்டுமரங்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன. சக்கரபாணி எதையும் பார்க்கவில்லை. குப்புவைத் தேடினார். போன மாசம் சிரிப்புக்குப் படம் கொடுத்தவள் அவள்தான்.

வாசலில் உட்கார்ந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். நூர்முகம்மது கேமராவோடு தள்ளி நின்றார். சக்கரபாணி அவள் எதிரே போய் நின்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"குப்பு... உன் வீட்டுக்காரர் சிங்காரம்... கடல்ல... கட்டுமரம் கவிழ்ந்துடுச்சாம்மா."

அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண் அகன்றது. வாய் கோணியது. குண்டான் கையை விட்டு உருண்டது.

கிளிக்.

"பொய்ம்மா! பொய்! ஒண்ணும் ஆகலை!" என்று கத்தினார் சக்கரபாணி.

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியது.

"அழுவுது சார்," என்றார் நூர்முகம்மது. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

திங்கட்கிழமை கமிட்டி படத்தைக் கையில் வாங்கியதுமே "பயம்" என்றது. கை குலுக்கினார்கள். ஆராய்ச்சி தொடரலாம் என்றார்கள்.

சக்கரபாணிக்கு அந்தத் தோள் குலுங்கியதே கண்ணில் நின்றது. பொய் என்று சொன்னது அவள் காதில் விழுந்ததா? விழாமல் ஏதாவது செய்துகொண்டாளா?

மறுநாள் தனியாகவே போனார். சிங்காரம் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"குப்பு... நல்லாருக்காளா?"

"அவளுக்கென்னங்க? உள்ளாரதான் இருக்கா."

"என்னை மன்னிச்சிடுப்பா. அன்னிக்கு நான் ஒரு பொய்யைச் சொல்லி..."

சிங்காரம் சிரித்துவிட்டான். "எதுக்குங்க மன்னிப்பு? அன்னிக்கு அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தோம். காப்பு கட்டிட்டா எங்க ஊர்ல ஒருத்தனும் கடலுக்குப் போவ மாட்டான். நான் உள்ளாரதான் படுத்திருந்தேன். நான் செத்த சேதியை நானே கேட்டேன்!"

"அப்போ குப்பு அழுதது?"

"அழுதாளா? சிரிப்பை அடக்க முடியாம இல்ல உள்ள ஓடியாந்தா!"

சக்கரபாணி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். குப்பு கதவோரம் வந்து நின்றாள்.

"ஏம்மா, அந்த மாதிரி பயம்... டெல்லிக்காரங்களே நம்பினாங்களே. எங்கே கத்துக்கிட்டே?"

"கத்துக்கிறதுக்கு என்னங்க இருக்கு?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போன மாசமே, பயந்த மூஞ்சி கெடைக்கலைன்னு பொலம்பிக்கிட்டுப் போனீங்க. அன்னிக்கி வந்து நின்னீங்களே, உங்க கண்ணு, வாயி... பாக்கவே பாவமா இருந்துச்சு. பாத்தத அப்பிடியே செஞ்சிட்டேன்."

பிற்பாடு புத்தகம் வந்தது. படத்துக்குக் கீழே "பயம்" என்று மட்டும் போட்டிருந்தார் சக்கரபாணி. யாருடையது என்று போடவில்லை.

பயம் அவருடையது. அதற்கு முகம் கொடுத்தவள் குப்பு.